சட்டிக்குக் காவல்

என் மாமனார் முப்பத்தோரு வருடம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எது சூடாக ஓடினாலும் அது அணையும்வரை வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் அவராக இருக்க முடியாது. புகையில் நின்று நின்று அவருடைய மூக்கு செத்துப் பல வருடம் ஆகிறது. கருகினாலும் தெரியாது, கசிந்தாலும் தெரியாது. அதனால் அவரே தன்னை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கணவர் காலை ஏழு மணிக்கே விருந்துக்கூடத்துச் சமையலறைக்குப் போய்விடுவார். மிச்சம் யார்? நான்தான்.

மாமியார் இருந்தவரை அந்தக் காவல் அவருடையது. நான் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரேமுக்குத் தக்கபடி விளிம்பைத் தேய்த்து, கீறல் விழாமல் உட்கார வைக்கிற வேலை. மாமியார் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் போன மாதமே வேலையை விட்டேன். விடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. "வீட்ல ஒரு ஆள் வேணுமே" என்று மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கார அம்மா போன் செய்தார். லென்ஸ் தேய்க்கிறவர் திடீரென்று நின்றுவிட்டாராம்.

"நாளைக்கு ஒரு மணிக்குள்ள வந்து ஒரு லென்ஸ் போட்டுக் காட்டு. ரெண்டு மணிக்கு வேற ஒரு பொண்ணு வருது. அது நல்லாப் போட்டுட்டா அப்புறம் உனக்காக என்னால இடம் பிடிச்சு வைக்க முடியாது. சொல்லிட்டேன்."

கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான், கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ஒரு மணி நேரத்தில் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஸ்லோ குக்கர், கரண்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கிற சட்டி. சனிக்கிழமை விருந்தில் மிஞ்சிய கறி ஃப்ரிட்ஜில் கட்டி கட்டியாகக் கிடந்தது. சுட்டு, ஆறி, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்த கறி. திங்களன்று சமைக்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும்.

"அடியில வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு. மேல கறி. முங்குற அளவுக்குத் தண்ணி, மிளகு, உப்பு. அவ்வளவுதான்" என்றார். "காலையில போட்டுட்டு நீ பாட்டுக்குப் போ. எட்டு மணி நேரத்துல பூ மாதிரி வெந்துடும். மூடியை மட்டும் திறந்து திறந்து பாக்காதே. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரம் போச்சு."

திங்கள் காலை ஏழரைக்கு எல்லாவற்றையும் போட்டு, குமிழைக் குறைந்த சூட்டில் திருப்பி வைத்தேன். விளக்குகூட எரியாத எளிய மாடல். குளித்து, நல்ல உடை உடுத்தி, எட்டே முக்காலுக்குப் பையைத் தோளில் மாட்டினேன். மாமனார் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"அது என்னம்மா?"

"குக்கர், மாமா. உங்க பிள்ளை வாங்கிட்டு வந்தார். ராத்திரிக்குக் கறி."

"சூடா ஓடுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வரவில்லையே. "ஓடுது, மாமா."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "அப்ப ஆள் வேணுமேம்மா" என்று மட்டும் சொன்னார். "ஆள் இல்லாத வீட்டுக்குள்ள பூட்டை உடைச்சுப் போயிருக்கேன். உள்ள என்ன பார்த்தேன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன்." அதைக் கேட்ட பிறகு நான் எங்கே போவது?

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"அப்பா சொன்னா நான் என்ன பண்றது? இன்னொரு நாள் போயேன்."

"இன்னொரு நாள் கிடையாது."

"பாதியில அணைச்சா கறி கெட்டுடுமே."

கறிக்காவது கவலைப்பட ஒருவர் இருந்தார். முன்பெல்லாம் இதே கறியை அடுப்பில் வைத்தால் நாற்பது நிமிடம் காவல். இப்போது எட்டு மணி நேரம். தண்டனையைப் பன்னிரண்டு மடங்காக்கி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். பத்து மணிக்கு வாசல்வரை போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பதினொன்றுக்கு மறுபடியும் போனேன். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. இறக்கினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அரை மணிக்கு ஒரு தடவை மாமனார் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு, மாமா."

"வாசனை?"

"இன்னும் வரலை. மெதுவாத்தான் வரும்."

ஒன்று சொல்ல வேண்டும். அவர் நிலையத்தில் எழுதிய பழக்கத்தில் இன்றும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். 'மாலை 4.10. பால் பொங்கியது. காரணம்: மருமகள் போனில். சேதம்: அரை டம்ளர் பால்.' கீழே கையெழுத்து. படித்துவிட்டு நானும் கணவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாச் சுவிட்சையும் அணைப்பார்.

பன்னிரண்டு இருபது ஆனது. இனி பஸ் பிடித்தாலும் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் போய்ச் சேரலாம். அதையும் விடப்போகிறேன் என்று தெரிந்தது. குக்கரின் பக்கவாட்டில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் அதை எடுக்கக் கையை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

உள்ளங்கையை முழுதாக வைத்தேன். பிறகு மூடியைத் திறந்தேன். காலையில் போட்டது போட்டபடி கிடந்தது. தண்ணீரின் மேல் கொழுப்பு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

மாமனார் பின்னால் வந்து நின்றார். அவரும் சுவிட்சைப் பார்த்தார். எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான்தாம்மா" என்றார். "பேப்பர் படிச்சு முடிச்சதும் ஒரு சுத்து வந்தேன். கை தானாப் போயிருக்கு. என்ன ஓடுதுன்னு பாக்கவே இல்லை."

எனக்கு அவரைத் திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் ஆத்திரம் என் மேல்தான் வந்தது. காலையிலிருந்து அந்தச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சூடு தெரியவில்லை, வாசனை வரவில்லை, சந்தேகமும் வரவில்லை. இருக்கச் சொன்னார்கள், இருந்தேன்.

"தீ இல்லையே, மாமா" என்றேன். "இனி ஆள் எதுக்கு?"

"எதுக்கும் வேண்டாம்மா. கிளம்பு. இதை நான் கொட்டிக் கழுவி வைக்கிறேன்."

"ராத்திரிக்கு ஒண்ணும் இல்லை."

"உன் வீட்டுக்காரன் ஊருக்கே சமைக்கிறவன்தானே. வந்து செய்யட்டும்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனேன் என்று சொன்னால் பொய். ஓடினேன். கடைக்கார அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு லென்ஸை என் கையில் கொடுத்தார். முதல் தடவை விளிம்பு சரியாக வரவில்லை. இரண்டாவது லென்ஸ் உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கை கொஞ்சம் மறந்திருக்கு" என்றார். "நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடு."

மாலையில் வீடு திரும்பியபோது குக்கர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கணவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமனாரின் நோட்டு மேசைமேல் திறந்தபடி இருந்தது.

'காலை 8.05. குக்கர் சுவிட்ச் அணைக்கப்பட்டது. காரணம்: நான். சேதம்: கறி ஒரு சட்டி. மருமகளுக்கு நாலு மணி நேரம்.'

கையெழுத்து இன்னும் போடவில்லை. பேனா பக்கத்திலேயே கிடந்தது. எடுத்தேன். 'நாலு மணி நேரம்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே 'மூன்று வருடம்' என்று எழுதினேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அவர் எதையும் மாற்றவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.