கண்ணில் படாத டிஸ்க்

அச்சகத்தின் சர்வர் அறையில் மாமனாரும் மருமகளும் மாட்டிக்கொண்டார்கள்.

பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவள் புதியதைச் செருகிக்கொண்டிருந்தாள். "ஆச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்த மாமனார், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

"அதுக்குத்தான் மாமா நாற்காலிய அங்க வச்சிருந்தேன்."

"சொல்லியிருக்கணும்ல."

அடையாள அட்டையைக் காட்டித் திறக்கும் கதவின் பூட்டு இந்த சர்வரை நம்பித்தான் வேலை செய்தது. அதன் பதிவுகள் எல்லாம் செத்துப்போன டிஸ்க்கில். புதியது வேலைக்கு வரும்வரை திறக்காது.

வெளியிலிருந்து அவள் கணவன் குரல் கொடுத்தான். "பூட்டுக்காரர் வர மத்தியானம் ஆகுமாம்ப்பா."

அவள் டிஸ்க் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். கழற்றாமல் விட்ட இன்னொரு பழைய டிஸ்க் மட்டும்தான் இருந்தது. சர்வரை இயக்கும் லினக்ஸின் கண்ணில் புதியது படவே இல்லை.

"அணைச்சுப் போடேன்."

"மிச்சமிருக்கறதும் கிழம் மாமா. அணைச்சா எழுந்திருக்குமோ என்னமோ. வாடிக்கையாளர் வேலையெல்லாம் அதுலதான் இருக்கு."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு அவர், "வேற வேலைக்குப் போறியாமே. அவன் சொன்னான்," என்றார்.

அவள் விரல்கள் நின்றன. "நானே சொல்லணும்னு இருந்தேன்."

"இங்க என்ன குறை?"

"குறைன்னு இல்ல. வீட்டுலயும் இதே பேச்சு, இங்கயும் இதே பேச்சு. சாப்பிட உக்காந்தாலும் சர்வர் நின்னுபோச்சுன்னு எழுப்பறீங்க."

அவர் எழுந்து கதவைத் தோளால் இடித்தார். அசையவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "மூச்சு முட்டுதும்மா."

"எனக்கும்தான் மாமா. ரொம்ப நாளா."

அவர் திரும்பிப் பார்த்தார். கதவை இடிப்பதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டிஸ்க்குகளைச் செருகும் ஒவ்வொரு இணைப்பிலும் புதியது இருக்கிறதா என்று மறுபடி தேடிப்பார்க்க லினக்ஸுக்குச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் அவள் முதல் இணைப்புக்கே திரும்பத் திரும்பக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மற்றவற்றுக்கும் வரிசையாகக் கொடுத்தாள். கடைசி இணைப்பில் புது டிஸ்க் தலைகாட்டியது. அதைத் தயார்செய்து, பூட்டுப் பதிவுகளின் நகலை அதில் ஏற்றியதும் கதவு 'டக்' என்றது.

மாமனார் வெளியேறினார்.

சாயங்காலம், தன் இடத்துக்கு ஆள் தேவை என்று அவளே விளம்பரம் எழுதி அவர் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அனுபவம் வேணும்னு போடலியே," என்று பேனாவை எடுத்தார்.