றமீலா வரைந்த தடித்த எழுத்து

1999இல் பதுளை அச்சகக்காரர் புஹாரியின் மகள் றமீலா, ஏழு மாதம் கணினியை விட்டு எழும்பாமல் ஒரு புதிய எழுத்துருவை வரைந்தாள். அதன் தடித்த கோடுகள் முடியும் இடமெல்லாம் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்தன. ஒரு 'அ'வின் முதுகில் யானையே படுத்துத் தூங்கலாம்.

"ஒருத்தர் குறை சொன்னாலும் பழைய எழுத்துத்தான், மகள்," என்று சொல்லித்தான் வாப்பா அதைத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் தேர்த் திருவிழா நோட்டீசில் கறுப்பு மையால் அடிக்க விட்டார்.

நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து றமீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நிலையத்துக்கு நாளுக்கு நாற்பது தடவை போய்ப் பார்த்ததில் வீதியே அரை அங்குலம் தேய்ந்துவிட்டது.

தேரன்று காலையில் கோயில் தலைவர் மருதைவீரன் மூச்சிரைக்க அச்சகத்துக்கு வந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! சனமெல்லாம் வெள்ளைச் சீலையில வந்து நின்னு, 'கேதம் யாரு வீட்டுல'ன்னு கேக்குதுங்க!"

அந்த ஊர்ப் பக்கங்களில் மரண அறிவித்தல் மட்டுமே அவ்வளவு தடித்த கறுப்பில் வரும். தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சனம் லொறி ஏறிவிட்டது.

றமீலா மேசையில் கிடந்த மிச்ச நோட்டீசை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"மலையே தெரியலம்மா, தலைதான் தெரியுது."

"போன வருசம்?"

மருதைவீரன் தலையைச் சொறிந்தார். "தேர் இழுக்கவே ஆள் பத்தலைங்க."

"அப்ப பழைய எழுத்தையே போடுவமா, தலைவர்?" என்றார் வாப்பா.

"ஐயோ, வேணாங்க! அடுத்த வருசமும் இதேதான்." றமீலாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சிவப்புல மட்டும் அடிச்சிடாதீங்கம்மா, திருவிழான்னு தெரிஞ்சிடும்."