வண்டுக்கு நோன்பு கிடையாது

மூன்றாவது தீக்குச்சிக்கும் கேஸ் அடுப்பு பிடிக்கவில்லை. ஓஸ்தாப் கேஸ் குப்பியைச் சட்டைக்குள் விட்டுச் சூடேற்றிப் பார்த்தான். நீலச்சுடர் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. கார்பாத்திய மலையின் அந்த உயரத்தில் மைனஸ் பதினெட்டு டிகிரி. எரிக்க மரமில்லை, பலகைக் குடிசையிலிருந்த இரும்புக் கணப்பையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூலையில் ஸோர்யானா மூவருடைய போர்வைகளையும் சுற்றிக்கொண்டு நடுங்கினாள். மதியம் ஓடைப்பனி உடைந்து இடுப்புவரை விழுந்தவள். உலர்ந்த துணி மாற்றியாயிற்று. உள்ளே வெந்நீர் போகாமல் அந்த நடுக்கம் நிற்காது.

யெவ்தோகியா தன் முதுகுப்பையின் அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்தாள். ரயில்வே கேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெட்டிக்குள் இருந்த பெட்ரோல் அடுப்புக்கு அவளைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. எரியும்போது ரீங்கரிப்பதால் மலையேறிகள் எல்லோருக்கும் அது வண்டு.

“அக்கா! அதைக் கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றான் ஓஸ்தாப்.

“சொன்னே. நான் சரின்னு சொன்னேனா?”

“நம்ம மலையேற்றக் கிளப்பே தடை போட்டிருக்கு.”

“தடை போட்டது கிளப்பா, போன தடவை கருகின உன் புருவமா? சூட்டோட மூடியைத் திறந்தவன் நீ. அடுப்பு மேல பழியைப் போடாதே, தம்பி.”

போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு நடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பலவீனத்தைக் கேட்டதும் யெவ்தோகியா அடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

குடிசைக்குள் பெட்ரோலைக் கொளுத்துவதில்லை. அந்த விதியை அவள் ஒருநாளும் மீறியதில்லை. வாசலுக்கு வெளியே பனியில் ஒரு பலகையைப் போட்டு அடுப்பை வைத்து, பம்பை அழுத்தினாள். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் வந்தது. கழற்றிப் பார்த்தாள். காற்றைப் பிடிக்கிற தோல்வளையம் விறைத்துச் சுருங்கியிருந்தது.

தப்பு அவளுடையதுதான். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்கிய அன்று வீட்டிலிருந்த பன்றிக்கொழுப்பு, நெய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாள். அந்த பக்தியிலேயே தோல்வளையத்துக்கும் சூரியகாந்தி எண்ணெயைத் தடவினாள். அது பசைபோல் காய்ந்திருந்தது. ஆண்டவர் தோலிடம் நோன்பு கேட்கவில்லை என்று இப்போது தோன்றியது.

“துளி கொழுப்பு இருந்தாப் போதும்,” என்றாள், யாரிடமும் அல்லாமல்.

ஓஸ்தாப் அசையவில்லை. நேற்று பீன்ஸ் சூப் குடிக்கும்போது, “இந்த வருஷம் நோன்புல நான் ஒருநாள்கூடத் தவறல,” என்று மார்தட்டியவன் அவன். பிறகு உள்ளே போய், தன் பையைக் குடைந்து, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். உப்பிட்ட பன்றிக்கொழுப்பு. ஒரு ஓரத்தில் பல் பதிந்திருந்தது. அவன் காதுகள் சிவந்தன.

ஒரு வார்த்தை போதும், இந்த வருடம் முழுக்க அவனைத் தலைகுனிய வைக்க. நாக்கின் நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். நகக்கண் அளவு கிள்ளி எடுத்து, விரல்களுக்கிடையே இளக்கி, தோலில் தேய்த்தாள்.

“வண்டுக்கு நோன்பு கிடையாது,” என்றாள்.

“எனக்கு இருக்கேக்கா.”

“இன்னைக்கு இது உன் பையில இல்லன்னா அந்தப் பொண்ணு கதி என்ன? மத்ததை நீயும் ஆண்டவரும் பேசிக்குங்க. நல்லா மடிச்சு வை, ஸோர்யானா பார்த்தா பங்கு கேப்பா.”

தோல் மெல்ல இளகியது. இப்போது பம்பு கையை எதிர்த்துத் தள்ளியது. அடுப்பைச் சூடாக்க, அதன் அடிக்கிண்ணத்தில் எரிசாராயம் ஊற்றிப் பற்றவைத்தாள். பள்ளத்தாக்கிலிருந்து வந்த காற்று அதை ஊதி அணைத்தது. மறுபடி பற்றவைத்தாள். மறுபடி அணைத்தது.

“நீ ஊது, நான் பத்தவைக்கிறேன். யாருக்கு முதல்ல அலுக்குதுன்னு பார்ப்போம்,” என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

ஓஸ்தாப் வந்து காற்றுக்கு முதுகைக் காட்டி, கோட்டை இரு பக்கமும் விரித்துப் பிடித்து நின்றான். சாராயச்சுடர் நிமிர்ந்தது. பித்தளைக் குழாய் சூடானதும் திருகைத் திறந்தாள். வண்டு இருமி, துப்பி, ரீங்கரிக்கத் தொடங்கியது.

“கிளப்புல என்னக்கா சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன். அடுத்த வருஷமும் கொண்டுவருவேன்னு சேர்த்தே சொல்றேன்.”

அடுப்பின்மேல் வைத்த பாத்திரத்தில் குவித்திருந்த பனி நடுவில் குழிந்து இறங்கியது. ஓஸ்தாப் நகரவில்லை. பாதி வளர்ந்த புருவத்தில் பனித்துகள் ஒட்டியிருக்க, கைகளை விரித்தபடியே நின்றான்.