பதினேழு இடத்தில் வசந்த்

"இன்னாம்மா, வெளையாடறியா? முந்தானைக்கு அட்டை இல்லாம தறி மூணு நாளா சும்மா நிக்குது. முகூர்த்தம் இருபத்திரெண்டாந் தேதி. கம்ப்யூட்டருக்கு ஜுரம்னு சொன்னா பொண்ணு வீட்டுக்காரன் கேப்பானா?"

தணிகாசலம் போட்ட சத்தம் சின்ன காஞ்சிபுரத்தில் நாலு வீடு தள்ளிக் கேட்டது. கேட்காத வீட்டுக்காரர்கள் சிரமம் பார்க்காமல் கிட்டவே வந்து நின்றார்கள்.

"கத்தாதீங்கண்ணா. நான் ஒண்ணும் பண்ணல. தானா போயிடுச்சு" என்றாள் ஜெயப்ரியா.

"தானா போறதுக்கு அது இன்னா வசந்தா?"

யாரோ சிரித்தார்கள். ஜெயப்ரியாவுக்குக் காது சூடேறியது.

சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கிற கடை அது. வசந்தும் அவளும் ஐந்து வருஷம் கூட்டாக நடத்தியது. கல்யாணத்தில் முடியும் என்று தெருவே தீர்மானித்து, மண்டபம் வரைக்கும் பேசி முடித்திருந்தது. அவனோ ஆறு மாதம் என்று ஓசூர் வேலைக்குப் போனவன், போனிலேயே "நமக்கு சரிப்படாது ப்ரியா" என்று சொல்லிவிட்டான். கடை இவள் கையில் நின்றது. புரோகிராமைத் திறந்தால் மட்டும், தினமும் முதல் வரியில் "வெல்கம் வசந்த்" என்று வரும். ஓட்டை போட்ட அட்டைகளைக் கயிற்றில் கோக்கிற அம்சாக்கா அதை ஒருநாள் விடாமல் வாய்விட்டுப் படிப்பாள்.

திங்கட்கிழமை ஜெயப்ரியா பொறுக்கமாட்டாமல் ஒரு வீடியோவைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கிறதாம். எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எந்த மெஷின் எதோடு சேர்ந்தது, எல்லாம் அதில்தான். வீடியோக்காரன் முதல் மூன்று நிமிஷம் ஏதோ எச்சரிக்கை பேசினான். விளம்பரம் மாதிரி இருந்ததால் தள்ளிவிட்டாள். வசந்த் என்று தேடினால் பதினேழு இடத்தில் வந்தது.

"பதினேழா! இருக்கும்போது ஒரு இடத்துல நிலையா ஒக்காரமாட்டான்" என்றாள் அம்சாக்கா. முன்பு அவளுக்குச் சேலை துப்புரவு வேலை. நெய்த பூவான புட்டாவுக்குப் பின்பக்கம் மிதக்கிற நூலைக் கத்தரியால் வெட்டி எடுப்பாள். "பின்னாடி தொங்கற நூலுதானேம்மா? முன்பக்கத்துக்கு இன்னா ஆவப்போவுது? வெட்டிப் போடு."

ஜெயப்ரியாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அழிக்கவா என்று அது கேட்டது. பதினேழு தடவையும் ஆமாம் என்றாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் போட்டால் டெஸ்க்டாப்பில் ஒன்றுமில்லை. டிசைன் ஒன்றையும் காணோம், புரோகிராமும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை, தணிகாசலம் கத்தி ஓய்ந்த பிறகு, ரிப்பேர் பார்க்கிற அருள் வந்தான். கதையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அழிக்கறதுக்கு முன்ன எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி எடுத்தீங்களாக்கா?"

"அது எதுக்குன்னு..."

"அந்த மூணு நிமிஷம் அதைத்தான் சொல்லியிருப்பான். ரெஜிஸ்ட்ரில கை வெக்கக்கூடாதுன்னு இல்ல. காப்பி எடுத்துக்கினு, ஒரே ஒரு இடத்தை மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போகணும். அதுல செஞ்சதைத் திருப்பிக்கற பட்டன் கிடையாது. இந்த கம்ப்யூட்டரை செட் பண்ணதே அவரு பேருல. உங்க போல்டருக்கு வழி, பஞ்ச் மெஷினுக்கு வழி எல்லாம் அந்தப் பேரைப் புடிச்சிக்கினு நின்னுச்சு. நீங்க வெட்டினது பின்னாடி தொங்கற நூல் இல்லக்கா. சேலையையே தாங்கி நிக்கற பாவு நூலு."

அம்சாக்கா அதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தவள், அட்டை கோக்கிற வேலையில் திடீரென்று ரொம்ப மும்முரமானாள்.

பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட்டும் இல்லை. இடம் அடைக்கிறதென்று வசந்த் எப்போதோ அணைத்து வைத்திருக்கிறான். அருள் ஒரு பென்டிரைவைச் செருகித் தேடியதில் டிசைன்கள் அத்தனையும் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே கிடந்தன, வழிதான் போயிருந்தது. ஜெயப்ரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தெரு குறித்துக்கொண்டது. ஆனால் புரோகிராமைத் திரும்பப் போட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஓடிபி வேண்டும். ஓடிபி போகிற நம்பர் வசந்துடையது.

அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வைரஸ் என்று சொல்லலாம். நம்பிவிடுவான். ஆனால் அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்குமோ! பதினேழே போதும் என்று தோன்றியது.

"எப்படிப் போச்சு?" என்றான் வசந்த்.

"உன் பேரை அழிச்சேன். எல்லா இடத்துலயும்."

வசந்த் மெதுவாகச் சொன்னான். "புரோகிராம் செட்டிங்ஸ்லயே ஓனர் நேம்னு ஒரு கட்டம் இருக்குது ப்ரியா. அதுல உன் பேரை அடிச்சிருந்தா முடிஞ்சுது."

"நீ சொல்லலையே."

"நீ கேக்கலையே." ஓடிபியின் ஆறு நம்பரையும் படித்துச் சொன்னான். "லைசென்ஸை உனக்கே மாத்தித் தரச் சொல்லி கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போட்டுடறேன். அடுத்த தடவை எனக்குப் போன் பண்ற அவஸ்தை உனக்கு வேணாம்."

போனை வைத்தவள் அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஏமாற்றம். அவள் அந்தக் கட்டத்தைத் தேடித் தன் பெயரை அடித்தாள். அதற்கு முன்னால், ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் தணிகாசலம் அட்டையை வாங்கிக்கொண்டு போனார். கத்தியதற்கு வருத்தமெல்லாம் சொல்லவில்லை.

தை மாதம் வசந்துக்கு ஓசூரிலேயே கல்யாணம் ஆனது. அருளுக்கும் ஜெயப்ரியாவுக்கும்தான் என்று தெரு அடுத்த மண்டபத்தைப் பேச ஆரம்பித்திருந்தபோது, அருள் தன்னோடு படித்த ஷாரோனைக் கட்டிக்கொண்டு திருமுக்கூடல் பக்கம் குடிபோய்விட்டான். ஜெயப்ரியா கடையைப் பெரிய காஞ்சிபுரத்துக்கு மாற்றினாள், அம்சாக்காவும் கூடவே போனாள். மறுவருஷம் பஸ் டிரைவர் கதிர்வேலோடு கல்யாணம். கடை போர்டில் தன் பெயரையும் சேர்க்கலாமே என்று அவர் ஆசையாகக் கேட்டாராம். "உங்களுக்கு வேணும்னா பஸ்ல எழுதிக்கோங்க" என்றாளாம் இவள்.