நாற்பத்தொன்று முதல் எண்பத்தாறு வரை

திரையில் நூற்றுப் பதினெட்டுப் புள்ளிகள் இருந்தன. அவற்றில் எழுபத்திரண்டு ஒழுங்கு மரியாதையாக ஒரு கோட்டை ஒட்டி நின்றன. மிச்சம் நாற்பத்தாறும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன. பேராசிரியர் ராஜாராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "நாப்பத்தொண்ணுலேர்ந்து எண்பத்தாறு வரைக்கும். அத்தனையும் பதினோரு டிகிரி தள்ளி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என்னம்மா மீனா இது?" பாண்டிமீனாவுக்கு என்னவென்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. குறிப்பேட்டைப் புரட்டித் தேதி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல, "தெரியல சார்" என்றாள்.

அவள் செய்த ஆராய்ச்சியைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அடுப்பில் வெந்த மண் ஆறும்போது, அதற்குள் இருக்கும் இரும்புத் துணுக்குகள் அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பார்த்தபடி உறைந்துவிடும். காந்த வடக்கோ ஓரிடத்தில் நிற்பதில்லை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு பழைய அடுப்பு எந்த வடக்கைப் பார்த்து உறைந்திருக்கிறது என்று அளந்தால், அது கடைசியாக எப்போது அணைந்தது என்று சொல்லிவிடலாம். தோண்டுவது தொல்லியல் துறை, அளப்பது இயற்பியல் துறை, மண்ணைப் பற்றிச் சந்தேகம் கிளப்புவது புவியியல் துறை. ஆய்வகத்தில் இருந்த பெரிய மின்காந்தத்துக்குத் தாவரவியல்காரர்களும் விதைப் பொட்டலங்களோடு வரிசையில் நிற்பார்கள். காந்தம் எல்லாரையும் ஒன்றுபோலத்தான் நடத்தியது, துறைகள்தான் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது.

வண்டியூரைத் தாண்டிக் கிழக்கே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய மேட்டில் அவள் மாதிரி எடுத்தாள். அடுப்பின் வெந்த மண்ணில் சுண்ணச்சாந்து அப்பி, அது இறுகியதும் மேலே திசைகாட்டியை வைத்து வடக்குப் பார்த்து ஒரு அம்பு வரைய வேண்டும். பிறகுதான் வெட்டி எடுக்கலாம். அம்பு கோணினால் எல்லாம் கோணும். பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி அதன் பக்கம் சாயும் என்பதால், குழிக்குள் இறங்குவதற்கு முன் எல்லாரும் கைக்கடிகாரம், செல்போன், சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே பாண்டிமீனாதான். மண் சுமக்க வந்த பெண்களின் சேலையில் இருந்த ஊக்கைக்கூட விடமாட்டாள். "ஊக்கெல்லாம் கழட்டுங்கக்கா, ஊசிக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு ஊக்கு டீச்சர் என்றே பேராகியிருந்தது.

ஊருக்குத்தான் உபதேசம். அந்த ஏழு வாரமும் அவள் இடுப்பில், சுடிதாருக்கு உள்ளே, ஒரு மாட்டு லாடம் இருந்தது.

முதல் பிள்ளை இரண்டாம் மாதத்திலேயே நில்லாமல் போயிருந்தது. இரண்டாவது தங்கியது என்று தெரிந்த அன்று மாமியார் ராமக்காள் பரணில் இருந்த தகரப் பெட்டியைத் துழாவி அந்த லாடத்தை எடுத்தாள். பிறை மாதிரி வளைந்த தகடு, ஆணித் துளைகளோடு, உள்ளங்கைக்குள் அடங்கும். கருவுற்றவள் உச்சி வெயிலில் மேட்டுக்கும் தோப்புக்கும் போகிறாள், இரும்பு இல்லாமல் போகக் கூடாது என்றாள். கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் அருண்பாண்டி, அம்மாவைக் கிண்டல் செய்துகொண்டேதான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஆனால் முனை குத்தாமல் இருக்க விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்த்துக் கொண்டுவந்தான். ராமக்காள் அதை மஞ்சள் துணியில் பொதிந்து, மருமகளின் அடிவயிற்றை விரலால் அளந்து, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பாண்டிமீனா சிரித்துக்கொண்டே நின்றாள். சிரித்தாளே தவிர, கழற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு சின்னத் தகடு என்ன செய்துவிடும், ஊசிக்கும் வயிற்றுக்கும் ஒரு முழம் தூரம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதே இடுப்போடு தினமும் ஆய்வகத்துப் பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அந்த லாடமே ஒரு காந்தமாகிவிட்டிருந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

குழியில் அவள் எப்போதும் மேற்குப் பக்கம்தான் மண்டியிடுவாள். காலை வெயில் கிழக்கிலிருந்து வரும், அப்போதுதான் நிழல் வேலையின்மேல் விழாது. அதனால் நாற்பத்தாறு தடவையும் ஊசி ஒரே பக்கம், ஒரே அளவு, அவளைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. ஒரு மாதிரியை அளக்க நாலு நாள் ஆகும் என்பதால் விஷயம் வெளியே வர ஒன்றரை வருடம் பிடித்தது.

"காரணம் தெரிஞ்சா பதினொண்ணைக் கழிச்சுத் திருத்திக்கலாம்" என்றார் ராஜாராமன். "தெரியலைன்னா நாப்பத்தாறையும் தூக்கிட வேண்டியதுதான். அடி மண் அடுக்கு முழுசும் அதுக்குள்ளதான் இருக்கு. குழியையும் மூடியாச்சு." நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார். "திங்கக்கிழமை சொல்லும்மா. காரணம்னு ஒரு வரிதான் வேணும்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பசுமலை வரும்வரை அவள் அந்த ஒரு வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தூக்கிவிடலாம். ஆய்வேட்டில் பாதி போகும், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டாவது பிள்ளைக்கு ஒரு ஸ்கேன் படம் கிடையாது. மூன்று மாதம் முடிந்து எடுக்கலாம் என்று மறுவாரம் தேதி கொடுத்திருந்தார்கள். பெயர் கிடையாது, புதைத்த இடம் கிடையாது. மூன்று மாதம் கழியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று யாரிடமும் சொல்லியிருக்கவும் இல்லை, அதனால் துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை. அது இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு இருந்த ஒரே சாட்சி, திரையில் ஒதுங்கி நின்ற அந்த நாற்பத்தாறு புள்ளிகள்தான். அவற்றைத் தூக்கவா?

அதைவிடக் கொடுமை எண்பத்தேழு. எண்பத்தேழாவது புள்ளி நல்ல பிள்ளையாகக் கோட்டின்மேல் நின்றது. அன்றைக்கு ராஜாராமன் மேட்டுக்கு வந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இடுப்பில் இரும்போடு மண்டியிட அவளுக்குக் கூசியது. தென்னைக்குப் பின்னால் போய் மூன்று முடிச்சையும் அவிழ்த்து, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். மறுநாள் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் விடிந்ததும் உதிரம் பட்டது. ஆஸ்பத்திரியில் ராமக்காள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கழட்டுனியாத்தா?" "இல்லத்தே" என்றாள் அவள். இரும்பு எதையும் காப்பதில்லை, அதைக் கழற்றியதால் எதுவும் போகவில்லை என்று இயற்பியல் படித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒன்றரை வருடமாக அவள் ஒரு இரவுகூட அதை முழுதாக நம்பியதில்லை.

வீட்டில் ராமக்காள் மாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாண்டிமீனா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்தே, அந்த லாடம் எங்க இருக்கு?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எதுக்கு?"

"வேலைக்கு வேணும். அதக் கட்டியிருந்தப்ப எடுத்த கணக்கெல்லாம் தப்பாப் போச்சு. திருத்தணும்." அப்புறம், இதையும் சொல்லாமல் இனி முடியாது என்று, "நான் அன்னைக்குப் பொய் சொன்னேன் அத்தே. கழட்டுனேன். சார் வந்த அன்னைக்கு, ஒரு நாளு" என்றாள்.

"தெரியும்."

பாண்டிமீனா தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"சாப்பாட்டுப் பையக் கழுவுனது ஆரு? நாந்தான. ஒன்னைய ஆசுபத்திரியில விட்டுட்டு மாத்துத் துணி எடுக்க வந்தேன்ல, அன்னைக்குத்தான். பாக்ஸுக்கு அடியில கெடந்துச்சு. அதக் கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல."

"பெறகு ஏன் அத்தே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா? போனது வந்துருமா?" ராமக்காள் மடித்த சட்டையையே உதறித் திரும்ப மடித்தாள். "நான் மூணுக்குக் கட்டுனேன். ஒம் புருசன் ஒருத்தன்தான் தங்குனான். மத்த ரெண்டுக்கும் நான் கழட்டவே இல்லத்தா. குளிக்கையிலகூடக் கழட்டல."

"அப்பறம் எதுக்கு எனக்குக் கட்டுனீக?"

ராமக்காள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. "கட்டாம எப்புடித்தா இருக்குறது?"

இருவரும் அந்தத் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்கள். ஒன்றரை வருடமாக ஒரே கூரையின்கீழ் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தவர்கள்.

திங்கட்கிழமை அவள் ராஜாராமனிடம் நேராகவே சொன்னாள். "இடுப்புல இரும்பு கட்டியிருந்தேன் சார். மாசமா இருந்தேன். அது தங்கல." அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தார், எண்பத்தேழைப் பார்த்தார், குறிப்பேட்டில் அதற்கு நேராக இருந்த தேதியைப் பார்த்தார். அது, தான் மேட்டுக்கு வந்த நாள் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் அன்னைக்கு வராம இருந்திருக்கலாம்" என்றார். அவரும் இயற்பியல் படித்தவர்தான். திருத்துவதாக இருந்தால் சும்மா கழித்துவிட முடியாது, அதே லாடத்தை அதே இடத்தில் கட்டி, அதேபோல் மண்டியிட்டு அளந்து பார்க்க வேண்டும், முடியுமா என்று அவர் கேட்கத் தயங்கினார். அவளே முடியும் என்றாள்.

குறிப்பேட்டில் காரணம் என்ற கட்டத்தில் அன்றே எழுதினாள். கள ஆய்வாளரின் இடுப்பில் இரும்பு. அதற்குக் கீழே, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. எழுதி முடித்ததும் அந்த இரண்டு தேதிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கணக்கை யாரோ ஒருவர் எங்கோ ஒரு காகிதத்தில் பதிந்துவைத்ததுபோல இருந்தது.

புதன்கிழமை காலை மூவரும் பல்கலைக்கழக ஜீப்பில் மேட்டுக்குப் போனார்கள். ராமக்காளைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. லாடம் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று பாண்டிமீனாவால் சொல்ல முடியவில்லை. கட்டியது ராமக்காளின் கை. குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள், மேலே புல் முளைத்து நாலைந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ராஜாராமன் சூரியனை வைத்துக் கணக்கிட்டு, தரையில் சுண்ணாம்பால் வடக்குக் கோடு ஒன்றைப் போட்டார். ஜீப் இரும்பு என்பதால் அதைத் தோப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

பாண்டிமீனா கடிகாரத்தையும் ஊக்குகளையும் கழற்றி வைத்தாள். சொல்லாமலே ராமக்காளும் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குடுகுடுவென்று போய்த் தென்னை மூட்டில் வைத்துவிட்டு வந்தாள். திசைகாட்டியைக் கோட்டின்மேல் வைத்ததும் ஊசி ஆடி அடங்கிக் கோட்டோடு கோடாகப் படுத்தது. ராமக்காள் தூரத்தில் வைத்திருந்த லாடத்தை எடுத்துவந்து மஞ்சள் துணியைப் பிரித்து, மருமகளின் ஒட்டிப்போயிருந்த வயிற்றில் தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் வைத்தாள், இடப்பக்கம் ஒரு விரல் தள்ளினாள். விரலுக்கு இடம் மறக்கவில்லை. மூன்று முடிச்சுப் போட்டாள். பழக்கத்தில் வாய் ஏதோ சாமியைக் கும்பிட்டு முணுமுணுத்துவிட்டுச் சட்டென்று நின்றது.

பாண்டிமீனா கோட்டுக்கு மேற்கே, கிழக்கு நோக்கி மண்டியிட்டாள். ஊசி கொஞ்சம் நடுங்கியது. பிறகு மெல்ல வடக்கை விட்டு அவள் பக்கம் வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் வந்து நின்றது.

"எவ்வளவும்மா?" என்று தோப்பிலிருந்து ராஜாராமன் குரல் கொடுத்தார்.

அவள் பின்னால் சாய்ந்தாள், ஊசி விலகிப் போனது. பயந்துபோய் முன்னால் வந்தாள், திரும்ப வந்தது.

"என்னத்தா சொல்லுது?" என்று ராமக்காள் பக்கத்தில் குந்தினாள்.

"பதினொண்ணு அத்தே. இங்கிட்டுத்தான் பாக்குது."

அளந்தாகிவிட்டது, இனி அவிழ்க்க வேண்டியதுதான். முடிச்சுக்குப் போன ராமக்காளின் கை அதன்மேலேயே நின்றுவிட்டது. பாண்டிமீனா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். தோப்பிலிருந்து குரல் இன்னொரு தடவை கேட்டது. சுண்ணாம்புக் கோடு வடக்கே போய்க்கொண்டிருக்க, ஊசி அவர்கள் இருவர் பக்கமும் சாய்ந்தபடி, அசையாமல் நின்றது.