இரண்டு முப்பத்தெட்டு வரைக்கும் கிருத்திகை

மணியம்மை பையோடு உள்ளே நுழைந்தபோது அவள் அம்மா கன்னியம்மாள் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி இட்டு, மலைக்குப் போகப் பூக்கூடையோடு கிளம்பி நின்றாள். பையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"இன்னாது அது?"

"கறிம்மா."

"இன்னா கறி?"

"மாட்டுக்கறி. அரக்கோணத்துல வாங்கினேன். பொடியா கொத்திக் குடுத்தாங்க."

கன்னியம்மாள் பூக்கூடையை அப்படியே கீழே வைத்தாள். "ஏண்டி, திருத்தணியில பொறந்து வளந்தவதானே நீ? இன்னைக்குக் கிருத்திகைன்னு தெரியாதா உனக்கு?"

மணியம்மைக்குத் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடத்தும் கார் உதிரிபாகக் கம்பெனியில், ரப்பர் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வேதியியல் படித்து முடித்ததும் கிடைத்த வேலை. சேர்ந்து இரண்டு வருஷத்தில் நாள், கிழமை எல்லாம் போய், முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, நைட் ஷிப்டு என்றுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று நைட் ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் அரக்கோணம் வந்து, கறி வாங்கிக்கொண்டு ரயில் ஏறியிருந்தாள். பெட்டி நிறைய மஞ்சள் புடவைகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, கறிப்பையை மடியில் வைத்து, பக்கத்திலிருந்த அம்மாளின் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். இப்போது நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஞாயிறு என்றால் அந்த வீட்டில் கறிதான். ஆடோ, மாடோ, கோழியோ, அது அந்தந்த வாரத்தைப் பொறுத்தது. கிருத்திகை அன்றைக்கு மட்டும் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். அப்பா கோதண்டபாணிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மகளுக்கு மணியம்மை என்று பேர் வைத்தவரே அவர்தான். ஆனால் கிருத்திகை அன்றைக்கு அவரும் வெறும் ரசம் சோறுதான் சாப்பிடுவார். கேட்டால், "மலை மேல இருக்கிறவருக்காக இல்ல, அடுப்பாண்ட இருக்கிறவளுக்காக" என்பார்.

"நாளைக்குச் செய்யேண்டி" என்றாள் கன்னியம்மாள், கொஞ்சம் இறங்கி.

"நாளைக்கு முடியாதும்மா."

ஏன் முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆய்வகத்திலிருந்து ஆறு பேரை ஆறு மாதப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பக் கம்பெனி முடிவு செய்திருந்தது. அதில் பெண் இவள் ஒருத்திதான். தகப்பனார் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலை அதைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் ஏழாவது ஆளுக்குப் போய்விடும். இரண்டு வாரமாகக் கடிதம் அலமாரியில் கிடந்தது. கோதண்டபாணி அதைத் தொடவில்லை.

கோபமாக மறுத்திருந்தால் அழுதாவது பார்த்திருப்பாள். அவரோ கோபப்படவில்லை. "அங்க இன்னா சாப்புடுவ நீ?" என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "வேலூரு ஆஸ்டல்ல மூணு வருசம் இருந்த. நம்ம சோறு, நம்ம பாஷ. பத்தலைன்னு ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டியா? எட்டு கிலோ எளச்சுகினு வந்து நின்ன. உங்கம்மா ரயிலடியில உன்ன அடையாளம் தெரியாம தாண்டிப் போனா. அங்க போயி இன்னா பண்ணப் போற?"

பதில் மணியம்மையின் தொண்டை வரை வரும், அப்படியே நின்றுவிடும். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். அதனால்தான் சமைத்துக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். கம்பெனி கேன்டீனில் கொரியாக்காரர்களுக்குத் தனிச் சமையல் உண்டு. நைட் ஷிப்டில் ஆய்வகத்துக்காரர்களுக்கும் அதிலேயே சாப்பாடு. கொத்துக்கறியை இனிப்பும் காரமுமாக வதக்கி, சூடான சோற்றின் மேல் கொட்டிக் கிண்ணத்தில் தருவார்கள். முதல் நாள் தயங்கினாள். இரண்டாவது வாரம் அதற்காகக் காத்திருந்தாள். மூன்றாவது மாதம் அங்கே சமைக்கும் கொரிய அம்மாளிடம் சைகையால் கேட்டுச் செய்முறையை எழுதிக்கொண்டாள். அந்தக் கிண்ணத்தை அப்பா முன்னால் வைத்து, நான் இதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறேன் என்று காட்டிவிட்டால் போதும். பேச வேண்டியதில்லை. இப்படிக் கணக்குப் போட்டவள் கிருத்திகையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கிணற்றடியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த கோதண்டபாணி பையைப் பார்த்தார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த தினசரி கேலண்டரிடம் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்தார்.

"ரெண்டு முப்பத்தெட்டு."

"இன்னா ரெண்டு முப்பத்தெட்டு?"

"கிருத்திகை பகல் ரெண்டு முப்பத்தெட்டு வரைக்குந்தான். அப்பால ரோகிணி."

கன்னியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "யோவ். சாயந்தரம் மலையில சாமி பொறப்பாடு இருக்குது. உனக்கு மட்டும் மத்தியானமே முடிஞ்சிபோச்சா?"

"நான் சொல்லல, அவன் அச்சடிச்சு வச்சிக்கிறான்." கோதண்டபாணி ரயில்வே கேட் கீப்பர். இருபத்தாறு வருஷமாக நிமிஷத்தை நம்பியே பிழைப்பவர். "வண்டி வருதுன்னா கேட்ட மூடுறேன். வண்டி போயிடுச்சின்னா தொறக்கிறேன். போன வண்டிக்கு நாள் முழுக்க மூடி வச்சிகினு இருந்தா ஜனங்க சும்மா விடுவாங்களா?"

"சாமியும் வண்டியும் ஒண்ணா உனக்கு?"

"விரதம் உனக்கு. அடுப்புக்கு இன்னா விரதம்?"

கன்னியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை மணியம்மை பார்த்தாள். கடைசியில் அம்மாவின் நிபந்தனைகள் வந்தன. சமையலறையில் கூடாது, பின்பக்கம் ஸ்டவ்வில்தான். தன் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. ரெண்டு முப்பத்தெட்டுக்கு முன்னால் அந்தப் பையைப் பிரிக்கக்கூடாது. "நான் மறுபடி தலைக்கு ஊத்திகினுதான் மலையேறணும், எல்லாம் உங்களாலதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனாள்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கோதண்டபாணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையிலிருந்து ஒரு பாளம் ஐஸை உமித் தூளோடு சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். கடிதத்தைத் தொடவே மாட்டேனென்கிறவர் இந்தக் கறிக்காக ஏன் இவ்வளவு அலைகிறார் என்று மணியம்மைக்குப் புரியவில்லை. ராத்திரி முழுக்க விழித்த கண் எரிந்தது. பாயை விரித்துப் படுத்தாள்.

"எழுந்துரு கண்ணு, ரோகிணி வந்து பத்து நிமிசமாவுது" என்று கோதண்டபாணி எழுப்பினார்.

எழுந்து பின்பக்கம் போனவள் திகைத்து நின்றாள். அலுமினியச் சல்லடையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரத்தில் நாலைந்து காக்கைகள் கூடி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"நைனா, இன்னா பண்ணின?"

"கழுவினேன். மஞ்சா போட்டு நாலு தண்ணி. முப்பத்தொம்பதுக்குத்தான் பிரிச்சேன், உங்கம்மா மேல சத்தியம்."

"கொத்தின கறிய கழுவக்கூடாது நைனா! எல்லாம் தண்ணியோட போயிடும்."

"கழுவாத கறிய தின்ன இந்த வீட்டுல ஆளு கெடையாது" என்றார் கோதண்டபாணி. சொல்லிவிட்டுச் சல்லடையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "முக்கா கிலோ இல்ல நீ வாங்கினது?"

மிஞ்சியது அரை கிலோ இருக்கலாம். மணியம்மைக்கு அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை. பழைய வேட்டித் துணியைத் துவைத்து எடுத்து, கறியை அதில் கட்டி, முறுக்கிப் பிழிந்தாள். மஞ்சள் தண்ணீர் வடிந்தது. ஈரம் போனால்தான் வதங்கும். ஈரமிருந்தால் வெந்து கூழாகிவிடும்.

"நைனா, இஞ்சி, பூண்டு. நல்லா நசுக்கு, அரைக்காத."

"ஆங்."

"காஞ்ச மொளகா ஏழு. விதையோட ஒண்ணும் ரெண்டுமா இடிச்சுக் குடு."

"ஏழு போதுமா?"

"ஏழுதான்."

கோதண்டபாணி இடித்தார். ஸ்டவ் சீறியது. இரும்புச் சட்டி புகையும் வரை காத்திருந்து, நல்லெண்ணெய் ஊற்றி, கறியைப் போட்டாள். கிளறாமல் விட்டாள். அவர் கரண்டியை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள். அடியில் பழுப்பேறியதும் புரட்டினாள். இஞ்சி, பூண்டு, மிளகாய். அரக்கோணத்தில் பாஸ்ட் புட் வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய சோயா சாஸை மருந்து மூடியில் ஊற்றி அளந்தாள். பிறகு வெல்லத்தை நுணுக்கிக் கைப்பிடி அள்ளினாள்.

"ஏய், ஏய்! கறியில வெல்லமா?"

"ஆங்."

"இன்னா பாயசமா காச்சுற?"

"நீ கொஞ்ச நேரம் சும்மா குந்து நைனா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது, தான் அப்பாவை அதட்டியது. கோதண்டபாணி உண்மையிலேயே துணி துவைக்கும் கல் மேல் உட்கார்ந்துகொண்டார். வெல்லம் உருகி, கறியெல்லாம் மினுமினுவென்று கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டது. மேலே வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் தூவி இறக்கினாள். பச்சரிசிச் சோறு, கொஞ்சம் குழைய வடித்தது, பக்கத்தில் தயாராக இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டினால்தான் கிண்ணத்தில் நிற்கும்.

கன்னியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். நடுவாசலைத் தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள். "அதிரசம் சுடற எடத்துல மொளகா கருகின மாரி இருக்குது."

"சாப்புட்டா நல்லாருக்கும்மா."

"ஆங், இருக்கும், இருக்கும்."

தன் பாத்திரம் கூடாது என்று சொன்னவள், தானே எழுந்து போய், பரணில் கிடந்த இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்துக் கழுவி வாசற்படியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

கோதண்டபாணி தானே பரிமாறினார். தனக்கு ஒரு கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டார். மகளுக்கு இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி கறி. சட்டியையும் சோற்றுப் பானையையும் தன் இடது பக்கமாக, அவள் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

முதல் வாயை வெகுநேரம் மென்றார். மணியம்மை அவர் முகத்தையே பார்த்தாள். புருவம் ஏறியது. இனிப்பு தெரிந்திருக்கும். பிறகு கண் ஓரம் சுருங்கியது. காரம் வந்துவிட்டது. இரண்டாவது வாய் சீக்கிரம் போனது. மூன்றாவது அதைவிடச் சீக்கிரம்.

மணியம்மையின் கிண்ணம் காலியானது. ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. சட்டியைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார். அவள் காலிக் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவினாள்.

"பொண்ணு கிண்ணத்தப் பாருய்யா. வையேன்" என்றாள் கன்னியம்மாள்.

"கேக்கட்டும்."

கன்னியம்மாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. இப்போது சாப்பிடவுமில்லை. காத்திருந்தார்.

மணியம்மைக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பயந்தது கொரியாச் சோற்றைப் பார்த்து அல்ல. ஐஸ் தேடிப் போனதும், காத்திருந்து எழுப்பியதும், எல்லாமே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். சொந்த வீட்டில், சொந்த அப்பாவிடம் கேட்க இவ்வளவு வெட்கமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நைனா, இன்னும் போடு."

"அங்க நைனா இருக்க மாட்டேன். அங்க எப்படிக் கேப்ப?"

"தோ ஜுசெயோ."

"கேக்கல."

வீட்டுக்குப் பின்னால் திருப்பதி வண்டி வந்துகொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மணியம்மை கிண்ணத்தை நீட்டி, ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "தோ ஜுசெயோ!"

வேலியோரத்துக் கோழிகள் சிதறி ஓடின. கன்னியம்மாள், "அடி ஆத்தா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இருபத்துமூன்று வருஷத்தில் மகள் கத்தி அவள் கேட்டதில்லை.

கோதண்டபாணி மூன்று கரண்டி சோறு வைத்தார். கறியைச் சுரண்டிச் சுரண்டி அதன் மேல் போட்டார். "இதுக்கு இன்னா அர்த்தம்?"

"இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு. நான் மொதல்ல கத்துகினது அதுதான்."

"கேன்டீன்ல கேக்கிறியா?"

"வாரத்துல இது போடுற ரெண்டு நாளும் கேப்பேன்."

"மத்த நாளு?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "மத்த நாளு ஒரே புளிச்ச கோஸு நைனா. ஊறுகா டப்பா எடுத்துகினு போவேன்."

கோதண்டபாணி சிரித்தார். சிரிப்பில் மிளகாய் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துண்டால் துடைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தன் காலிக் கிண்ணத்தை மகள் பக்கம் நீட்டினார்.

"சோ ஜூசியா."

"தோ ஜுசெயோ நைனா."

"அதான் சொன்னேன். வை."

சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து அவருக்கு வைத்தாள். அவர் ஒரு வாய் அள்ளிக்கொண்டே சொன்னார்: "அலமாரியில அந்தக் காகிதம் கெடக்குது பாரு. எடுத்துகினு வா."

மணியம்மை எழுந்த வேகத்தில் கிண்ணம் உருண்டது. கோதண்டபாணி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"யோவ்" என்றாள் கன்னியம்மாள், நடுவாசலில் இருந்தபடியே. "கையக் கழுவிட்டுப் போடு கையெழுத்த. வெல்லத்தோட போட்டின்னா, விடியறதுக்குள்ள காகிதத்த எறும்பு தூக்கினு போயிடும். அப்பறம் எம் பொண்ணு எப்படிப் போவா?"