பின் சக்கரத்துக்கு நாற்பத்திரண்டு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பரீது பாயின் டயர் கடை இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் அந்த ரோட்டில் நடந்து போகிறவன் காரில் போகிறவனை முந்திவிடலாம், அவ்வளவு நெரிசல். அப்படி ஒரு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு வரச் சொன்னதற்கு எட்டேகாலுக்கே வந்து கடை வாசலில் நின்றார் இசக்கிப்பாண்டி. ராணுவத்தில் இருபத்து நான்கு வருஷம் வண்டி மெக்கானிக்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சட்டையை இன் பண்ணி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கக்கத்தில் ஒரு நோட்டை இடுக்கியிருந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு ஜோராகப் போயிருக்க மாட்டார்.

விவகாரம் இதுதான். அவருடைய அறுநூற்றைம்பது சிசி டூரிங் வண்டியின் பின் டயர் ஏழாயிரம் கிலோமீட்டரிலேயே மொட்டையாகிவிட்டது. அதுவும் நடுவில் மட்டும். இரண்டு ஓரத்திலும் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் புதுசு போல நிற்க, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. பதினைந்தாயிரமாவது ஓட வேண்டிய டயர். ரப்பரில் கோளாறு, வாரன்டியில் மாற்றிக் கொடு என்றார் இவர். காற்றை அதிகமாக வைத்து ஓட்டினால் நடுதான் தேயும், தப்பு உங்கள் மேல் என்று இரண்டு தடவை கடிதம் அனுப்பிவிட்டது கம்பெனி. இவர் விடவில்லை. மூன்றாவது தடவை எழுதியதில், சரி, ஆளை அனுப்பி நேரில் பார்க்கிறோம் என்று இறங்கி வந்தார்கள்.

புது டயர் வாங்க வக்கில்லாதவர் அல்ல அவர். 'தப்பு உங்கள் மேல்' என்ற அந்த ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பனியிலும் மணலிலும் எத்தனையோ லாரிகளைப் பார்த்தவர். அவர் கைபட்டுப் போன வண்டி ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. தப்பு இவருடையது இல்லை என்று கம்பெனி ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்தான் அவருக்கு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்று மாதமாக இலத்தூரில் அவர் கட்டிய புது வீட்டில் பகல் நேரத்தில் போன் அடித்தால் அது டயர் கம்பெனிதான். மனைவி ஜெயசித்ரா ஓசூரில் மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவள். அந்தப் பிள்ளைகள் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு ப்ளே ஸ்கூல் போகின்றன. கம்பெனியிலிருந்து பேசும் பெண் ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் முன், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்" என்று கேட்பாள். அது அவள் சம்பளத்துக்குக் கேட்கிற கேள்வி என்று இவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், "இல்லம்மா" என்பார்.

ஒன்பதரைக்கு வந்து இறங்கியது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பெயர் பெர்சிஸ், பாளையங்கோட்டைக்காரி, கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர்.

"அண்ணாச்சி, கம்பெனில இருந்து வந்துட்டாவ," என்றார் பரீது பாய், இரண்டு பேருக்கும் டீயை வைத்துவிட்டு.

பெர்சிஸ் டீயைத் தொடவில்லை. நேரே டயரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டனின் ஆழத்தை அளக்கிற குச்சியை மூன்று நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் உட்கார்ந்த தினுசிலேயே வேலை தெரிந்தவள் என்று இசக்கிப்பாண்டிக்குப் பிடிபட்டுவிட்டது. அதில் அவருக்குச் சந்தோஷம்தான். வேலை தெரிந்தவர்களிடம் நியாயம் எடுபடும் என்று நினைத்தார்.

"காத்து எவ்வளவு வைக்குதிய சார்?"

இந்தக் கேள்விக்காகத்தானே நோட்டே. விரித்து நீட்டினார். ராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு உண்டு. எந்தத் தேதியில் என்ன பார்த்தோம், எங்கே போனது, எத்தனை பேர் ஏறினார்கள் எல்லாம் அதில் இருக்கும். பழக்கம் விடவில்லை, சொந்த வண்டிக்கும் எழுதினார். சனிக்கிழமை சனிக்கிழமை காற்று பிடித்தது மணி மணியான எழுத்தில் இருந்தது. முன் முப்பத்திரண்டு, பின் நாற்பத்திரண்டு. இரண்டு வருஷத்தில் ஒரு சனி விட்டதில்லை, ஒரு எண் மாறியதில்லை.

"வண்டில ஒட்டிருக்க ஸ்டிக்கர்ல என்ன போட்டுருக்கோ அதேதான். கூட்டியும் வைக்கல, கொறைச்சும் வைக்கல."

பெர்சிஸ் குனிந்து செயின் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். அதில் இரண்டு வரி. ஓட்டுகிறவர் மட்டும் என்றால் பின் சக்கரத்துக்கு முப்பத்தாறு. பின்னால் ஆள் இருந்தால் நாற்பத்திரண்டு.

"பின்னால எப்பவும் ஆள் இருப்பாவளா?"

"ஆமா," என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "வீட்டுல."

"அப்ப நீங்க வச்ச காத்து சரிதான். ரெண்டு பேர் போயி நாப்பத்திரெண்டு வச்சும் நடுவு இப்படித் தேஞ்சிருந்தா, அது எங்க ரப்பர் கோளாறுதான். பாஸ் ஆயிரும் சார்." ஃபாரத்தில் 'வழக்கமாகச் செல்வோர்' என்ற இடத்தில் 'இருவர்' என்று எழுதினாள். பரீது பாய் இவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு போட்டோ எடுப்பதற்காக வண்டியைச் சுற்றி வந்தவள், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டை விரித்தாள். அது லேசில் விரியவில்லை. மடிப்புக்குள் ஒட்டடை. ரப்பரில் கம்பெனி அச்சடித்த எழுத்து துளி அழியாமல் இருந்தது. பின் சீட்டில் கட்டியிருந்த சிவப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியில் பிளாஸ்டிக் உறை இன்னும் உரிக்கப்படவில்லை. அவள் நோட்டைக் கையில் எடுத்துப் பக்கங்களைத் தள்ளினாள். கடையம், ஒருவர். திருநெல்வேலி, ஒருவர். ஓசூர் போக, ஒருவர். ஓசூரிலிருந்து வர, ஒருவர்.

யார் மேலும் பழி போட முடியாது. எழுதியதும் அவர்தான், கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

பெர்சிஸ் நோட்டை மூடி அவரிடமே கொடுத்தாள். பரீது பாய்க்குக் கேட்காதபடி சொன்னாள். "நோட்டை நாங்க கேக்கல சார், அத ஃபைல்ல சேக்கணும்னு இல்ல. ஃபாரத்துல நீங்க எழுதிக் குடுக்கதுதான் எங்களுக்குக் கணக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. தனியாத்தான போறிய. முப்பத்தாறு வச்சிருக்கலாம்லா?"

இசக்கிப்பாண்டி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டாளத்துல வண்டிய எப்பவும் ஃபுல் லோடுக்கு ரெடியா நிப்பாட்டணும்மா. ஆர்டர் எப்ப வரும்னு தெரியாது. வந்த பொறவு காத்து பிடிச்சிட்டு நிக்க முடியாதுல்லா."

"சரி."

"அவ அடுத்த மாசம் வருதேன்னு சொல்லுதா."

"எப்ப இருந்து சொல்லுதாவ?"

பதில் நோட்டில் இருந்தது, அவளும் படித்துவிட்டாள். ஃபாரத்தை வாங்கிக் கடை மேஜையில் வைத்தார். கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. மூன்று மாதம் மல்லுக்கட்டிய தாள் கைக்கு வந்துவிடும். ஆனால் வண்டி நோட்டில் ஒரு பொய் எழுதாமல் இருபத்து நான்கு வருஷம் ஓட்டிய கை அது. 'இருவர்' என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே 'ஒருவர்' என்று எழுதினார். இரண்டு வருஷத்தில் அதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார், படித்துப் பார்த்தது இன்றைக்குத்தான். கையெழுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் கீழே தன் ராணுவ நம்பரையும் எழுதிவிட்டார்.

பெர்சிஸ் போகும்போது, "வாரேன் அண்ணாச்சி" என்றாள். சார் போய் அண்ணாச்சி ஆனதை அவர் கவனித்தார். ஆறியிருந்த டீயை அவள் குடித்துவிட்டுத்தான் போனாள்.

இவர் காசு கொடுத்து வாங்கிய புது டயரைப் பரீது பாய் மாட்டத் தொடங்கினார். இவர் ரோட்டோரம் போய் நின்று ஓசூருக்குப் போன் போட்டார்.

"டயர் கேஸ் என்னாச்சு?" என்றாள் ஜெயசித்ரா. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"தள்ளிட்டாவ. தப்பு எம்மேலதான்."

"அப்பமே சொன்னேம்லா, விட்டுத் தொலைங்கன்னு."

"சித்ரா, நீ வருவியா?"

இரண்டு வருஷத்தில் எப்போது வருவாய் என்றுதான் கேட்டிருக்கிறார். வருவாயா என்று கேட்டதில்லை. அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை அதட்டி அமர்த்தினாள். வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியது கேட்டது.

"இதுகள விட்டுட்டு எப்படிங்க வர? இங்கன எல்லாம் பழகிப் போச்சு. நீங்கதான் பட்டாளத்துல தனியா இருந்து பழகுன ஆளு." பிறகு, "நானும் இருபத்து நாலு வருசம் அங்கன ஊர்ல தனியாத்தான இருந்தேன்," என்றாள். அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள்.

"ஆமா," என்றார். "சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"சாப்டணும்."

திரும்பி வந்தபோது பரீது பாய் காற்றுக் குழாயைப் பின் சக்கரத்தில் சொருகியிருந்தார். "வழக்கம்போல நாப்பத்திரெண்டு தான அண்ணாச்சி?"

"முப்பத்தாறு வைங்க பாய்."

பரீது பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு முப்பத்தாறு வைத்தார்.

இசக்கிப்பாண்டி குற்றாலம் வழியாக வீட்டுக்குப் போனார். புது டயர் கொஞ்ச தூரத்துக்கு வழுக்கும் என்று நிதானமாகத்தான் ஓட்டினார். சாரல் முகத்தில் அடித்தது. அருவியில் குளித்தவர்கள் கார்களுக்குப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவி பிரிவு தாண்டிச் செங்கோட்டை ரோட்டில் கூட்டம் குறைந்தது. ஈர வளைவுகளில் வண்டி சறுக்காமல் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு வருஷமாக இடுப்பை இடித்த மேடு பள்ளமெல்லாம் இருக்கிற இடம் தெரியவில்லை. பின்னால் சிவப்பு ஹெல்மெட் மட்டும் சீட்டில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தது.

வாங்கிய நாளிலிருந்து வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இலத்தூருக்குப் பிரிகிற விலக்கில் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.